சுறா பிடிக்கத் தடை கேட்டு ஒரு மனு: கையெழுத்து போடலாமா?

காலடிப்பேட்டை_கலை | வியாழன் இரவு 9.12

ஆபீஸ் வாட்ஸாப் குரூப்புல இன்னிக்கு ஒரு இணைய மனு வந்துச்சு. இந்தியக் கடல்ல சுறா பிடிக்கறதை முழுசா தடை பண்ணணும், சுறா போயிட்டா கடலும் போயிடும்னு. பத்து நிமிஷத்துல எங்க டீம்ல பாதிப் பேர் போட்டு முடிச்சு கட்டைவிரலைத் தூக்கிட்டாங்க. அந்தப் பாதியில முக்கால்வாசிப் பேர் மீனே சாப்பிடாதவங்க. அதைக் குறையா சொல்லல, கவனிச்சேன், அவ்ளோதான்.

என் சிக்கல் வேற. அக்காவுக்குக் குழந்தை பொறந்து பத்து நாள் ஆகுது. பால் ஊறணும்னு வீட்ல ஒருநாள் விட்டு ஒருநாள் பால்சுறா புட்டு. அம்மா திருவொத்தியூர் மார்க்கெட்டை நம்பாம காசிமேட்டுக்கே போய் வாங்கிட்டு வராங்க. மனுவுல பேரை அடிச்சு வெச்சுட்டேன். அனுப்பற பட்டனை அமுக்கப் போறப்ப அம்மா கூப்பிட்டாங்க: "ஏய், அந்தப் பூண்டை உரிச்சுக் குடு."

உரிச்சுக் குடுத்துட்டு வந்து இதை எழுதறேன். நியாயமா சொல்லுங்க, போடலாமா?

மணலி_வாசு | வியாழன் இரவு 9.20

போடுங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க.

ஈரமணல் | வியாழன் இரவு 9.58

கடல் உயிரியல் படிச்சவன்ங்கிறதால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

மனு பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. 2021ல 'நேச்சர்' இதழ்ல வந்த ஆய்வுப்படி, 1970லேர்ந்து திறந்த கடல்ல திரியற சுறா, திருக்கைகளோட எண்ணிக்கை 71 சதவீதம் குறைஞ்சுபோச்சு. சுறா, திருக்கை வகைகள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல அழியற ஆபத்துல இருக்குன்னு அதே வருஷம் இன்னொரு மதிப்பீடும் வந்தது. உலகத்துல சுறா அதிகமாப் பிடிக்கற முதல் சில நாடுகள்ல நாமளும் ஒண்ணு.

ஏன் இவ்வளவு வேகமா குறையுதுன்னா, சுறாவை மீன்னு நெனச்சு கணக்குப் போடறோம். வஞ்சிரம் லட்சக்கணக்குல முட்டை போடும். நீங்க சொன்ன பால்சுறா கிட்டத்தட்ட ஒரு வருஷம் குட்டியைச் சுமந்து, ரெண்டுலேர்ந்து அஞ்சு குட்டி போடும். பெரிய சுறாக்கள் குட்டி போடற வயசுக்கு வரவே பல வருஷம் ஆகும். கணக்குல அது மீனை விட மாட்டுக்குத்தான் பக்கம். மாட்டை மத்தி மாதிரி அள்ளினா என்ன ஆகும்?

அதனால நான் தடைக்கு ஆதரவு. ஆனா "முழுசா"ங்கிற வார்த்தை இடிக்குது. அதைக் கடலுக்குப் போறவங்க யாராவது பேசினா நல்லது.

கடலோடி_ராயபுரம் | வெள்ளி காலை 5.40

கடலுக்குப் போறவன் பேசறேன். இப்பதான் கரையேறினேன்.

ஃபைபர் போட்டு நம்பள்து. நைனாவோட கட்டுமரத்துல ஆரம்பிச்சது. நாங்க இன்னாத்துக்கு சுறாவைத் தேடிக்கினு போப்போறோம்? அதுக்குன்னே போறவங்க கன்னியாகுமரி பக்கம் தூத்தூர்க்காரங்க. நீளமா கயிறு உட்டு, நூத்துக்கணக்குல தூண்டி மாட்டி, மாசக்கணக்குல ஆழ்கடல்ல கெடப்பாங்க. அவங்க தில்லு வேற. நாங்க ராத்திரி வலை உட்டு விடியக்காத்தால இழுப்போம். அதுல கானாங்கெளுத்தி வரும், பாறை மீனு வரும், சூரை வரும், சுறாவும் வரும். வா, வராதன்னு சொல்ல முடியுமா? அடியில இன்னா போர்டா வெச்சிருக்கு?

வர்றப்பவே முக்காவாசி செத்துப்பூட்டு இருக்கும். நீந்திக்கினே இருந்தாத்தான் அதுக்கு மூச்சு, வலையில மாட்டி நின்னுச்சுன்னா முடிஞ்சுது. செத்த சுறாவை கரைக்கு எடுத்தாராதன்னு சட்டம் போட்டா நான் இன்னா பண்ணுவேன்? கடல்லயே கடாசிட்டு வருவேன். சுறா பொழைச்சுதா? இல்ல. எனக்கு டீசலு துட்டு போச்சு, அவ்ளோதான்.

ஈரமணல் | வெள்ளி காலை 8.15

அண்ணன் சொல்றது சரி. எல்லா சுறாவும் அப்படி இல்ல, சில வகை தரையில படுத்துக்கூட மூச்சு விடும். ஆனா திறந்த கடல்ல திரியற வகைகளுக்கு அதுதான் நிலைமை. சுத்தியல் மாதிரி தலை இருக்கற கொம்பன் சுறா இன்னும் மோசம், வலையில மாட்டின கொஞ்ச நேரத்துலயே போயிடும். அதுல ரெண்டு பெரிய வகை உலகப் பட்டியல்ல 'மிக ஆபத்தான நிலை'யில இருக்கு.

பெரம்பூர்_நந்தினி | வெள்ளி காலை 9.30

கையெழுத்து போட்டவள்ங்கிற முறையில ஒண்ணு சொல்றேன். "மீன் சாப்பிடாதவங்க"ன்னு குத்திக்காட்டினது நல்லா இல்ல, கலை. புலியைக் காப்பாத்தணும்னு சொல்றவங்க எல்லாம் காட்டுலயா குடியிருக்காங்க? கடல் எல்லாருக்கும் சொந்தம்.

ராயபுரம் அண்ணனுக்கு: செத்தாலும் விக்க முடியாதுன்னு ஆயிட்டா, சுறா நிறைய வர்ற இடத்துல, வர்ற மாசத்துல வலை போடறதை நீங்களே தவிர்ப்பீங்க இல்லையா? விலை இருக்கற வரைக்கும் "தானா வந்துச்சு"ன்னுதான் சொல்வாங்க. யானைத் தந்தமும் அப்படித்தான் "தானா" கெடைச்சுது.

கடலோடி_ராயபுரம் | வெள்ளி காலை 9.52

தந்தமா? நல்லா கீதும்மா. ஆனையைத் துப்பாக்கி எடுத்துக்கினு போய் சுட்டான். நான் கானாங்கெளுத்திக்கு வலை போட்டேன்.

திருவொத்தியூர் குப்பத்துல சூரைக்குன்னே கவர்மென்ட்டு ஆர்பர் கட்டிக் குடுத்துக்கீது. ஆழ்கடலுக்குப் போ, சூரை புடின்னு அவங்களே சொல்றாங்க. சூரை இருக்கற எடத்துலதான் சுறாவும் இருக்கும். ஒரு கையால போன்னு தள்ளிட்டு இன்னொரு கையால புடிக்காதன்னா எப்படி?

அப்பறம் 2001 ஞாபகம் கீதா யாருக்காவது? சுறா, திருக்கை மொத்தமும் தடைன்னு ஒருநாள் சொல்லிட்டாங்க. புலி சிங்கம் இருக்கற அதே லிஸ்ட்டு. திருக்கை ஒண்ணு வலையில வந்தா நான் புலியை சுட்ட கேஸு. ஆயா ஏலத்துல திருக்கையைப் பார்த்துட்டு அது மேல கோணிப்பை போட்டு மூடினாங்க, இப்பவும் கண்ணுல நிக்குது. எழுபது வயசுக் கெழவி, போலீசுக்கு பயந்து.

மணலி_வாசு | வெள்ளி காலை 10.05

திருக்கையை எங்கண்ணா மூடறது, வாலு வெளிய வருமே.

கடலோடி_ராயபுரம் | வெள்ளி காலை 10.07

வந்துச்சு. அதான் சிரிச்சோம்.

சட்டப்புள்ளி | வெள்ளி மதியம் 1.30

அந்த 2001 கதையோட முழு வடிவம் தெரிஞ்சா இந்த விவாதம் கொஞ்சம் நேராகும்.

அந்த வருஷம் மே மாசம் முதல்ல திமிங்கலச் சுறாவுக்கு மட்டும் பாதுகாப்பு வந்தது. ஜூலையில ஒட்டுமொத்த சுறா, திருக்கை இனங்களையும் 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க. கரையெல்லாம் எதிர்ப்பு கிளம்பிச்சு. டிசம்பர்ல திருத்தி, பத்து வகைக்கு மட்டும்னு சுருக்கினாங்க. திமிங்கலச் சுறா, கங்கைச் சுறா, நம்ம பக்கத்து ஊர் பேரையே வெச்சிருக்கற பாண்டிச்சேரி சுறா, ரம்ப மூக்கு வேளா மீன் வகைகள், உழுவை மீன்ல ஒண்ணு, இப்படி. முழுத் தடைன்னு ஒண்ணை நாடே முயற்சி பண்ணிப் பார்த்தது. அஞ்சு மாசம் தாங்கல.

அதுக்கப்பறம் படிப்படியா வந்தது நிக்குது. 2013ல துடுப்பை மட்டும் அறுத்துக்கிட்டு உடம்பைக் கடல்ல வீசக் கூடாதுன்னு உத்தரவு. 2015 பிப்ரவரியில எல்லாச் சுறா துடுப்புக்கும் ஏற்றுமதித் தடை. 2022 சட்டத் திருத்தத்துல பட்டியல் இன்னும் நீண்டு, 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்தது.

ஆக, மனு எழுதினவங்க "இந்தியாவில் தடையே இல்லை"ங்கிற தொனியில எழுதியிருந்தா அது தப்பு. தடை இருக்கு. எந்தச் சுறாவுக்கு இருக்கு, எதுக்கு இல்லன்னு ஏலக்கூடத்துல நிக்கறவங்களுக்குத் தெரியாது. பட்டியல்ல பேர் லத்தீன்ல, கரையில பேர் தமிழ்ல. அதுலயும் குப்பத்துக்குக் குப்பம் பேர் மாறும்.

கூடைக்காரி_மகள் | வெள்ளி மாலை 4.45

அம்மா காசிமேட்டுல முப்பது வருஷமா மீன் விக்கறாங்க. இதைப் படிச்சுக் காட்டினேன். அவங்க சொன்னதை அப்படியே போடறேன்:

"முன்ன எல்லாம் ஒரு சுறாவை ரெண்டு பேரு இழுத்துனு வருவாங்க. கோடாலி போட்டுத்தான் வெட்டணும். இப்ப கூடைக்குள்ளயே பத்து படுத்துனு இருக்குது. முழம்கூட இல்ல. வெட்டினா சிலதுல கொடி காயாத தொப்புள் இருக்குது. புள்ள பெத்தவளுக்கு பால் ஊறணும்னு, பொறந்த புள்ளையை வெட்டிக் குடுக்கறோம். கேக்கறாங்க, குடுக்கறேன். எனக்கும் தெரியும்."

இதுக்கு மேல அவங்க பேசல. நானும் கேக்கல.

காலடிப்பேட்டை_கலை | வெள்ளி மாலை 5.02

கூடைக்காரி_மகள், இதைப் படிச்சுட்டு கொஞ்ச நேரம் போனைக் கீழ வெச்சுட்டேன். எங்க அம்மா வாங்கறது உங்க அம்மாகிட்டயாகூட இருக்கலாம்.

நர்ஸ்_தண்டையார்பேட்டை | வெள்ளி மாலை 6.20

புட்டுப் பேச்சு வந்ததால சொல்றேன். அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, கர்ப்பிணிகளும் பால் கொடுக்கறவங்களும் தவிர்க்கணும்னு போட்டிருக்கற மீன் பட்டியல்ல சுறா இருக்கு. காரணம் பாதரசம். சின்ன மீனைத் தின்னு தின்னு பல வருஷம் வாழற மீன்ல அது சேர்ந்துக்கிட்டே போகும். பெரிய சுறாவுல அதிகம், சின்னதுல குறைவு. வார்டுல இதைச் சொன்னா மாமியார்ங்க என்னை முறைப்பாங்க. "உங்க டாக்டரா பால் குடுப்பாரு?"

பால் சுரக்கறதுக்கு முக்கியம் குழந்தை அடிக்கடி சப்பறதும், தாய் வயிறாரச் சாப்பிட்டுத் தண்ணி குடிக்கறதும்தான். கிழங்கானை அவிச்சு முள் எடுத்து, அதே பூண்டு, அதே வெங்காயம், அதே மிளகு போட்டு உதிர்த்துப் பாருங்க. எங்க வீட்ல யாரும் கண்டுபிடிக்கல.

மணலி_வாசு | வெள்ளி மாலை 6.31

நான் கண்டுபிடிப்பேன். சுறாவுக்கு ஒரு வாடை இருக்கு.

நர்ஸ்_தண்டையார்பேட்டை | வெள்ளி மாலை 6.33

உங்களுக்கா குழந்தை பொறந்திருக்கு?

பெரம்பூர்_நந்தினி | வெள்ளி இரவு 8.10

இவ்வளவு தெரிஞ்சும் தடை வேணாம்னு எப்படி சொல்றீங்கன்னு புரியல. மாலத்தீவு 2010ல முழுசா தடை பண்ணிச்சு. பலாவ் அதுக்கு முந்தின வருஷமே பண்ணிச்சு. அவங்களும் மீனவ நாடுதான்.

ஈரமணல் | வெள்ளி இரவு 8.48

மாலத்தீவு நல்ல உதாரணம், ஆனா பாதிதான் பொருந்தும். அங்க முக்கியமா பிடிக்கறது சூரை. அதையும் கழியும் தூண்டிலும் வெச்சு ஒவ்வொண்ணாத் தூக்கறாங்க, வலை இல்ல. தெரியாம மாட்டற சுறா கம்மி. அதுக்கு மேல, உயிரோட இருக்கற சுறாவைப் பார்க்க முக்குளிக்க வர்ற சுற்றுலாக்காரங்க பணம் தராங்க. சுறாவை விட்டா அந்த நாட்டுக்கு லாபம். காசிமேட்டுல எல்லா மீனும் ஒரே வலையில வருது, சுறாவைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கறதில்ல. இன்னொண்ணு, இங்க சுறா இறைச்சியை நாமளேதான் தின்னு தீர்க்கறோம். சீனாக்காரன் சூப்புன்னு கைகாட்டிட்டுப் போக முடியாது.

நமக்குப் பக்கமா இருக்கற உதாரணம் குஜராத். சௌராஷ்டிரக் கரையில, வேராவல் பக்கம், திமிங்கலச் சுறாவை நூத்துக்கணக்குல கொன்னுக்கிட்டிருந்தாங்க. படகுக்குப் பூச ஈரல் எண்ணெய், ஏற்றுமதிக்கு இறைச்சி. 2001ல சட்டம் வந்தது. சட்டத்தால மட்டும் நிக்கல. 2004லேர்ந்து பிரசாரம் நடந்தது. மொராரி பாபுன்னு அங்க பெரிய கதாகாலட்சேபம் பண்றவர், இது தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வர்ற பொண்ணு, இதைக் கொல்லலாமான்னு கேட்டார். அது ஒட்டிக்கிச்சு. வலையில மாட்டினா மீனவங்களே வலையை அறுத்து விடறாங்க, அறுத்த வலைக்கு வனத்துறை ஈட்டுத்தொகை தருது. இதுவரைக்கும் நூத்துக்கணக்குல விட்டிருக்காங்க. ஒரு வலை என்ன விலைன்னு தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம்னு புரியும்.

கடலோடி_ராயபுரம் | வெள்ளி இரவு 9.15

வலைக்குத் துட்டு குடுத்தா நானும் அறுப்பேன். எழுதிக்கினு வெச்சுக்கோ. இன்னொண்ணு, அது அவ்ளோ பெருசு, போட்டாண்ட வந்தா உசுரோட கீதான்னு பார்த்துட்டு அறுத்துடலாம். முழம் சைஸ் பால்சுறாவுக்கு எந்த வலையை அறுக்கறது?

உப்புக்காத்து | வெள்ளி இரவு 9.40

பிரசவத்துக்கு வர்ற பொண்ணுன்னு குஜராத்ல சொல்றதுக்கு முன்னாடியே நம்மாளுங்க சினைச்சுறாவோட கொம்பை மணல்ல நட்டு, அதுல தெய்வம் இருக்குன்னு கும்பிட்டிருக்காங்க. சங்கப் பாட்டுலயே பரதவரைப் பத்தி அப்படி வருது. கொம்புன்னா வேளா மீனோட ரம்பமாத்தான் இருக்கணும். என் சின்ன வயசுல குப்பத்துல ஒரு வீட்டு வாசல்ல அந்த ரம்பம் மாட்டியிருக்கும், பல்லுபல்லா. வேளா உயிரோட வந்து நான் பார்த்ததே இல்ல. கும்பிட்டோம், கொம்பு மிச்சம் இருக்கு, மீனைக் காணோம்.

சரி, என் கேள்வி இது. எண்ணூர்க்காரன் நான். 2017 ஜனவரியில கப்பல் ரெண்டு மோதி எண்ணெய் கொட்டிச்சு, வாளி வெச்சு அள்ளினோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட ஆத்துல எண்ணெய் வந்து, வீட்டுச் சுவர்ல இடுப்பு உயரத்துக்குக் கறுப்பு. வலையெல்லாம் தார். எறா, நண்டு, இறங்கி மீன் பிடிக்கறவன் தோலு எல்லாம் போச்சு. அப்ப இந்த மனுக்காரங்க எங்க இருந்தாங்க? மீனவனைத் தடை பண்ண மட்டும் பத்து நிமிஷத்துல நாப்பது கையெழுத்து.

பெரம்பூர்_நந்தினி | வெள்ளி இரவு 9.55

அப்பவும் கையெழுத்து போட்டவ நான். எண்ணூருக்கு நேர்லயும் வந்தேன். ஒரு தப்பைக் காட்டி இன்னொரு தப்பை மறைக்கறது பேச்சு இல்ல.

உப்புக்காத்து | வெள்ளி இரவு 10.02

வந்திருந்தா நன்றி. ஆனா மறைக்கல. வரிசைதான் கேக்கறேன்.

(இதுக்கு நடுவுல இருந்த ஏழு பதிவுகளை நீக்கியிருக்கேன். யார் என்ன சாதி, யார் என்ன சாப்பிடறாங்கங்கிறது இந்த இழையில வேணாம். மறுபடி வந்தா பூட்டிடுவேன். — இழைக்காவலர்)

சட்டப்புள்ளி | சனி காலை 7.30

தடை, அமலாக்கம் ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு பார்க்க வெளியூர் போக வேணாம். கரையிலேர்ந்து 5 கடல் மைலுக்குள்ள விசைப்படகு இழுவைமடி போடக் கூடாதுன்னு தமிழ்நாட்டு விதி. ஆமை முதல் அட்டவணை உயிர். இருந்தும் 2025 ஜனவரியில நம்ம கரையில நூத்துக்கணக்கான ஆமை செத்து ஒதுங்கிச்சு. அதுக்கப்பறம்தான் ரோந்து, வழக்கு, அபராதம் எல்லாம் சூடு பிடிச்சுது. புது மனு கேக்கறதை விட, இருக்கற 5 மைலைக் காப்பாத்தச் சொல்லி ஒரு மனு போட்டா முதல் கையெழுத்து என்னோடது. குட்டிச்சுறா அதிகமா இருக்கறதும் கரையோர ஆழங்கம்மியிலதான்.

கடலோடி_ராயபுரம் | சனி காலை 8.20

இத்த சொன்னியே, இது பேச்சு. பெரிய போட்டு உள்ள வந்து வாரிட்டுப் போனா எங்களுக்கு மிச்சம் தண்ணிதான். எந்த மாசம் குட்டி எந்தாண்ட வரும்னு எனக்குத் தெரியும், நைனாவுக்கு என்னை விட நல்லாத் தெரியும். ஒருத்தனாவது வந்து கேட்டானா? ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் பெரிய போட்டெல்லாம் கரையில கட்டிக்கெடக்கறோம், அதுக்கு நிவாரணம்னு 8,000 ரூபா குடுக்கறாங்க. பத்துதோ பத்தலையோ, கட்டறோம் இல்ல? குட்டி வர்ற எடத்தை ஒரு மாசம் மூடுன்னு ஊர் பஞ்சாயத்துல சொல்லட்டும். பஞ்சாயத்து சொன்னா மீறி வலை போடறவன் குப்பத்துல இருக்க முடியாது. டெல்லியில சொன்னா, மூடறதுக்கு கோணிப்பை கீது.

பெரம்பூர்_நந்தினி | சனி காலை 8.41

இதை மனுவுல யாரும் எழுதல அண்ணா. எழுதியிருந்தா இன்னும் நல்லா போட்டிருப்பேன்.

காலடிப்பேட்டை_கலை | ஞாயிறு காலை 11.20

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு விடியக்காலை அம்மாவோட நானும் காசிமேடு போனேன். பொறந்ததுலேர்ந்து மூணு கிலோமீட்டர்ல இருந்துக்கிட்டு, ஏலம் நடக்கறப்ப போனது இதுதான் முதல் தடவை. ஞாயித்துக்கிழமைங்கிறதால கால் வைக்க இடமில்ல. ஐஸ் தண்ணி முட்டி வரைக்கும் தெறிக்குது.

எண்ணிப் பார்த்தேன். நான் நின்ன ஒரே வரிசையில நாலு கூடை குட்டிச்சுறா. ஒரு பக்கம் தனியா ஒரு கொம்பன், என் கை நீளம்தான் இருக்கும். தலை மட்டும் அந்தச் சுத்தியல் வடிவத்துல அச்சு அசலா. விக்கறவங்ககிட்ட இது என்ன சுறான்னு கேட்டேன். "சுறாதான்மா, எல்லாம் ஒரே ருசி"ன்னாங்க. இதைப் பிடிக்கலாமான்னு கேட்டேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "நீ ஆபீசரா?"ன்னாங்க. அம்மா என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க. கடைசியில வாங்கினது கிழங்கான். நர்ஸ் அக்கா, புட்டு நல்லா வந்துச்சு, அக்கா கண்டுபிடிச்சுட்டா, ஆனா ரெண்டாவது தடவை போட்டுக்கிட்டா.

மனுவுல கையெழுத்து போடல. அனுப்பினவங்களுக்கு எழுதினேன்: "எல்லாச் சுறாவும்" வேணாம், ஆபத்துல இருக்கற வகையைப் பேர் சொல்லிப் போடுங்க, தமிழ்ப் பேரோட. வலைக்கு ஈட்டுத்தொகை கேளுங்க. 5 மைலைச் சேருங்க. மனுவை இறுதி பண்ணியாச்சு, இனிமே மாத்த முடியாதுன்னு பதில் வந்துச்சு. தப்பா சொல்லல, மரியாதையாத்தான் சொன்னாங்க.

ஈரமணல், அந்தப் பாதுகாக்கப்பட்ட வகைகளோட படம் உங்ககிட்ட இருக்குமா? பெருசா அச்சடிச்சு, கீழ தமிழ்ப் பேர் போட்டா ஏலக்கூடத்துல ஒட்ட முடியுமா?

ஈரமணல் | ஞாயிறு மதியம் 12.05

படம் தரேன். தமிழ்ப் பேர்தான் எனக்குப் பாதி தெரியாது. புத்தகத்துல ஒண்ணு இருக்கும், கரையில வேற சொல்வாங்க.

கூடைக்காரி_மகள் | ஞாயிறு மதியம் 12.30

பேர் அம்மாகிட்ட கேட்டு எழுதித் தரேன். படத்தைக் காட்டினா சொல்லிடுவாங்க. எழுத்து பெருசா இருக்கட்டும், அங்க பாதிப் பேர் கண்ணாடி போடாதவங்க.

கடலோடி_ராயபுரம் | ஞாயிறு மதியம் 1.10

காயிதத்துல அடிக்காத, ஐஸ் தண்ணியில ஒரு நாள் தாங்காது. ஃபிளெக்ஸ்ல அடி. ஒட்டறதுக்கு சங்கத்துல நான் பேசிக்கறேன், உன்னை யாரும் ஆபீசரான்னு கேக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை வராத. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வா, விடியக்காத்தால. நைனாவையும் இட்டாறேன்.